கையுறைக்கு முன்னால் ஒரு கும்பிடு

போன வாரம் கே.ஜி.கண்டிகை பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண்ணின் புத்தகம் சரிந்து விழுந்து, என் செருப்புக்கால் அதன்மேல் பட்டுவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர, கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. அதை வாங்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் பார்த்த பார்வையில், சரஸ்வதியையே மிதித்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் ஆகிவிட்டேன். அந்தப் பழக்கம் என்னைவிட்டு எப்போது போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும். உங்களிடம் சொல்வதற்கு என்ன.

அப்போது முருகன் கோயில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன லேபில் நானும் ஸ்டெல்லாவும் டெக்னீஷியன்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை எங்கள் புடவையில் ஊறிக் கிடக்கும். சாம்பாரிலும் அதுதான் மணக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். சந்தேகமான காய்ச்சல் என்றால் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான், ரத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுவது. மணவூரில் வண்டி சிக்னலுக்கு நிற்கும்போது பக்கத்து சீட்டுக்காரர், பெட்டியில் இருப்பது மீனா என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். முடிவு வரும்வரை நோயாளியின் வீட்டார் எங்கள் வாசலிலேயே காத்துக் கிடப்பார்கள். சில சமயம் முடிவு வரும்போது வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். ஏன் என்று விசாரிக்க எங்களுக்குத் தைரியம் வராது.

அதனால், பல நாட்டு லேப்கள் சேர்ந்து நடத்திய கொள்ளைநோய்ப் பயிற்சிக்கு எங்களையும் சேர்த்தபோது தலைகால் புரியவில்லை. தேறினால் அந்தச் சோதனைகளை இங்கேயே செய்யலாம். கற்றுக்கொடுக்கக் கென்யாவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார்.

கடைசியாக ஓர் ஒத்திகை. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியைப் போலி மாதிரியில் கலந்திருந்தார். கவுன், மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வேலையைப் பிசிறில்லாமல் முடித்தோம். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. அறையை இருட்டாக்கி, அந்தப் பொடி பட்ட இடத்தை மின்னவைக்கும் நீல விளக்கை எங்கள்மேல் காட்டினார். என் கண்ணாடியின் இரண்டு பக்கமும் பளபளவென்று மின்னியது. வேலைக்கு நடுவில் ஒரு தாள் விழுந்து காலில் பட்டிருந்தது. கை தானாகப் போய் அதைத் தொட்டு, கண்ணுக்கும் வந்திருக்கிறது.

“இன்னாடி, சாமி செலைக்குக் கண்ணு தொறந்த மாதிரி மின்னுது” என்று ஸ்டெல்லா சிரித்தாள். விளக்கு அவள் பக்கம் திரும்பியது. நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள். மாதிரியைத் திறக்கும்போது சிலுவை போட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார், சொன்னோம். அவர் ஊரில் ஒரு நோய் பரவியபோது, கூட வேலை செய்த தோழி கழுத்துச் சிலுவையைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வாளாம். அவள் இப்போது இல்லை என்றார். நாளை இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டெல்லாவுக்கு ஆத்திரம். “கும்புடாம எப்படிடி வேலைய ஆரம்பிக்கிறது? எனக்குக் கையே ஓடாது.”

“யாரு கும்புட வேணான்னது? க்ளவுஸ் போடறதுக்கு முன்னாடியே கும்புட்டுடலாம்.”

“நடுவுல பேப்பரு கால்ல பட்டா?”

“அதுக்கும் சேத்துதான். அட்வான்ஸா.”

மறுநாள் கதவுக்கு வெளியே வெறுங்கையோடு நின்று அவள் சிலுவை போட்டாள், நான் முருகனைக் கும்பிட்டேன். டாக்டரம்மாவும் பக்கத்தில் வந்து கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே போனதும் வேண்டுமென்றே என் காலடியில் தாள்களைப் போட்டார். கை துடித்தது, ஆனால் போகவில்லை. நீல விளக்கில் கையுறைகள் மட்டுமே மின்னின. கையுறைக்கு முந்தைய அந்தக் கும்பிடு இப்போது கென்யாவில் அவருடைய லேப் சுவரிலும் முதல் விதியாக ஒட்டியிருக்கிறது. அவர்களுக்கும் நாங்கள் ஒன்று கற்றுக்கொடுத்தோம் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு, காவடிக் கூட்டம் மலையை மூடியிருந்த நேரத்தில், அரக்கோணத்திலிருந்து ஒரு பையனின் ரத்தம் வந்தது. எல்லோரும் பயந்த காய்ச்சல். அன்று மாலையே முடிவு சொன்னோம், அது இல்லை என்று. பையனின் அப்பா வாசலில்தான் இருந்தார். “ஆங், ஆங்” என்று தலையாட்டிக்கொண்டே அழுதார். அவர் அங்கே இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

ஐஸ் பெட்டி போயிற்று, மணவூர் மீன் பேச்சு போயிற்று. கூடவே என் கையும் கண்ணுக்குப் போகிற வழியை மறந்துவிட்டது, கையுறை இல்லாதபோதும்.

பஸ்ஸில் அந்தப் பெண் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் சேத்து நீயே ஒத்திக்கம்மா” என்றேன்.

புத்தகத்தை இன்னொரு தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.