மகள் பேரில் ஆடியவள்

கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் பக்கம் போகிற வழியில், பைபாஸைத் தாண்டியதும் பிளாட் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. கல் ஊன்றி, ஜல்லி கொட்டி, முகப்பில் வளைவும் கட்டி வருஷங்கள் ஓடிவிட்டன. வாங்கிப்போட்டவர்கள் எல்லாரும் விலை ஏறட்டும் என்று இருந்துவிட்டார்கள். வீடு கட்டிக் குடிவந்தவர் விஜயராஜ் மட்டும்தான். டவுனில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். எவ்வளவோ ஆழமாக அஸ்திவாரம் போட்டும் கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்கு வற்றியதில் ஹால் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல் விழுந்துவிட்டது. விஜயராஜ் காலையில் கடைக்குப் போனால் மத்தியானம் வந்து சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுபடியும் போய்விடுவார். மிச்ச நேரம் முழுக்க அந்த வீட்டில் அவருடைய மனைவி சுதாராணி தனியாக இருந்தாள். ஜன்னலைத் திறந்தால் சீமைக்கருவேலமும் மக்காச்சோளத் தட்டையும்தான். ஏதாவது பைக் சத்தம் கேட்டால் யாரோ வழி தவறி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எப்போதும் அப்படி இருந்தவள் இல்லை அவள். மகள் சத்யபிரியா செஸ் ஆடிய காலத்தில் சனி ஞாயிறு வீட்டில் தங்கியதே கிடையாது. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் என்று எங்கே போட்டி நடந்தாலும் தூக்குவாளியில் புளியோதரையோடு தாயும் மகளும் பஸ் ஏறிவிடுவார்கள். மகள் உள்ளே போனதும் இவள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். எந்த மண்டபத்தில் தண்ணீர் வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆட்டம்தான் தெரியாது. குதிரை எப்படிப் போகும், பிஷப் எப்படிப் போகும் என்பதோடு சரி. மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிற நடையைப் பார்த்தே ஜெயித்தாளா தோற்றாளா என்று சொல்லிவிடுவாள்.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த லீவில் சத்யா, "இனிமே ஆடமாட்டேன்" என்றாள். காரணம் கேட்டால் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படித்தாள், பெங்களூரில் வேலைக்குப் போனாள். போனில் பேசினால், சாப்பாடு, சளி, தீபாவளிக்கு டிக்கெட், அவ்வளவுதான்.

போன பங்குனியில் ஒருநாள், மகளுடைய சின்ன வயசுப் போட்டோக்களைத் தேடி அலமாரியில் கிடந்த, சத்யா செஸ் பழகிய பழைய டேப்பை எடுத்துச் சார்ஜ் போட்டாள் சுதாராணி. போட்டோ இருக்கும் என்று எதையோ அழுத்தப்போக, ஒரு வீடியோ ஓட ஆரம்பித்தது. வெள்ளைக்காரர் ஒருவர், தலை முழுக்க நரைத்தவர், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு செஸ் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சத்யாவின் கோச் கிருஷ்ணகுமார் சார் வற்புறுத்தி வாங்கவைத்த கிராண்ட்மாஸ்டர் லெக்சர் அது. சத்யாவுக்கு அந்த லெக்சர் என்றாலே வேப்பங்காய். பாய்ந்து அடிக்கிற ஆட்டம்தான் அவளுக்குப் பிடிக்கும். "இந்தத் தாத்தா தூங்க வைக்குதாரு" என்று முதல் பாகத்தோடு மூடிவிட்டாள்.

நிறுத்தப்போன சுதாராணியின் கை அப்படியே நின்றது. போர்டில் எந்தக் காயும் எந்தக் காயையும் வெட்டுகிற மாதிரி இல்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை. அந்த மனிதர், "இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. இப்போது என்ன செய்வீர்கள்?" என்று மெதுவான இங்கிலீஷில் கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்பதுபோல ஒரு கப்பை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

எதிரே ஆள் இருக்கிறது என்று நம்பி ஒருவர் தன்னிடம் கேள்வி கேட்டு எத்தனை நாளாகிறது என்று சுதாராணிக்கு இருந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்கள் காய்களில் எது சும்மா இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்" என்றார் அவர்.

மத்தியானங்கள் இப்படிப் போக ஆரம்பித்தன. பி.காம். படித்த இங்கிலீஷ் அவளுக்கு முக்கால்வாசி கைகொடுத்தது. மிச்சத்துக்கு நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டாள். பரணில் கிடந்த போர்டை இறக்கி, சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் விரித்தாள். அவர் சொன்னவை எல்லாம் அடிதடி இல்லாத விஷயங்கள். சிப்பாய் மட்டும்தான் திரும்பி வரமுடியாத காய், அதனால் அதைத் தள்ளும் முன் யோசி. உன் சிப்பாய்கள் எல்லாம் வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளைக் கட்டத்து பிஷப் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். எதிராளியின் எந்தச் சிப்பாயும் விரட்டமுடியாத கட்டம் ஒன்று நடுவில் இருந்தால், சுற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, குதிரையை அங்கே கொண்டுபோய் உட்காரவை.

கட்டத்தை அவள் தப்பாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். வீடியோவை நிறுத்தி ஒரு கட்டத்தில் விரலை வைப்பாள். ஓடவிட்டால் அவர் வேறொன்றைக் காட்டுவார். "இது எங்கன இருந்து வந்துச்சு?" என்று அவரிடமே கேட்பாள். ஒருநாள் அவள் விரல் வைத்த கட்டத்தையே அவரும் காட்டினார். சுதாராணி எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். சொல்ல ஆள் இல்லை. அன்று சாப்பிட வந்த விஜயராஜிடம், "நான் இன்னைக்கு ஒண்ணு கண்டுபிடிச்சேன்" என்றாள். "சுவத்துல இன்னொரு கீறலா?" என்று கேட்டார் அவர். அவள் ரசத்தை ஊற்றினாள்.

அந்த டேப்பிலேயே ஆன்லைனில் ஆடுகிற பக்கமும் இருந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் யாரோ ஒருவர் ஆட வந்துவிடுகிறார். ஏதோ ஒரு நாட்டுக் கொடி, ஒரு பெயர், காய்கள். அவள் ஆடினாள், தோற்றாள், மறுநாளும் ஆடினாள். தோற்றதில் பெரிய வருத்தம் இல்லை. எதிரே ஒரு ஆள் யோசித்துக்கொண்டிருக்கிறார், தான் நகர்த்தியதற்காகத்தான் யோசிக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வைகாசியில் ஒரு மத்தியானம் சத்யா கூப்பிட்டாள். வேலை நாளில் அவள் அந்த நேரத்துக்குக் கூப்பிடமாட்டாள்.

"அம்மா, என் ஐடில யாரு ஆடுதா?"

"எந்த ஐடி?"

"செஸ் ஐடி. அந்தப் பழைய டேப்ல லாகின் ஆகித்தான் கெடக்கும். கிருஷ்ணகுமார் சார் மெசேஜ் போட்டிருக்காரு, மறுபடி ஆட ஆரம்பிச்சிட்டியாம்மா, ஏன் இப்படி ஆடுதன்னு. போய்ப் பாத்தா ரேட்டிங் பாதாளத்துல கெடக்கு. அப்பாவா?"

"அப்பாவுக்கு எங்க நேரம். நான்தாம்ட்டி."

"நீயா?"

"அந்தத் தாத்தா வீடியோ பாத்தேன். நீ தூக்கம் வருதுன்னு சொல்லுவியே, அவருதான். எவ்வளவு நல்லா சொல்லுதாரு தெரியுமா. பிஷப்பு ஏன் அடைபட்டுப் போகுதுன்னு..."

"அம்மா, வேண்டாம்."

"இல்லட்டி, நீ ஆடும்போது எனக்கு ஒரு எழவும் வெளங்காது. இப்பதான் கொஞ்சம்..."

"எனக்கு வேண்டாம்னுதானம்மா விட்டேன்." சத்யாவின் குரல் தணிந்துவிட்டது. "தோத்துட்டு வெளிய வந்தா அங்கன நாற்காலில ஒம் மூஞ்சி இருக்கும். நீ திட்டமாட்ட. ஒண்ணுமே சொல்லமாட்ட. தூக்குவாளிய எடுத்துக்கிட்டு எந்திரிப்ப. அந்த மூஞ்சியப் பாக்க என்னால ஏலாமப் போச்சு. அவ்வளவுதான். நீ ஆடு. ஒம் பேருல ஆடு. எங்கிட்ட மட்டும் அதப் பத்திப் பேசாத."

போனை வைத்த பிறகும் சுதாராணி நாற்காலியை விட்டு எழவில்லை. தன் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலையாக இருந்திருக்கும். பசியோடு இருப்பாளே என்று இருந்திருக்கும். பிள்ளைக்கு அது வேறு என்னவாகவோ தெரிந்திருக்கிறது. போய்த் திருத்த முடியாத இடத்தில் இருந்தது அந்த முகம்.

ஒரு வாரம் டேப்பைத் தொடவில்லை. அதற்குப் பிறகு மகளின் கணக்கை மூடிவிட்டுப் புதுசாக ஒன்று தொடங்கினாள். சுதாராணி என்று அடித்தால் அந்தப் பெயரில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார் என்றது. ஊர்ப் பெயரையும் சேர்த்ததும் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு எவ்வளவு ஆடத்தெரியும் என்று கேட்டதற்கு, 'புதியவர்' என்பதைத் தொட்டாள். பழைய கணக்கில் அவள் பெரிய ஆட்டக்காரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அடிவாங்கினாள். இங்கே தன்னைப்போலத் தட்டுத்தடுமாறுகிறவர்கள் எதிரே வந்தார்கள். சில நாள் ஜெயித்தாள்.

புரட்டாசியில் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் போட்டி என்று கிருஷ்ணகுமார் சாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தாள். பெயர் கொடுத்துவிட்டுத்தான் கணவரிடம் சொன்னாள்.

"சின்னப்புள்ளையளோட போயா ஆடப்போற?" என்றார் விஜயராஜ்.

"ஆமா."

"சரி. மத்தியானத்துக்கு நான் ஹோட்டல்ல பாத்துக்கிடுதேன்."

மண்டபத்து வாசலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய நடுவர் முனீஸ்வரன் அவளை மறித்தார். "பேரன்ட்ஸ் எல்லாம் இங்கனயே இருந்துக்கிடுங்கம்மா. உள்ள ப்ளேயர்ஸ் மட்டும்தான்."

"நானும் ஆட வந்திருக்கேன் சார்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, அவளைப் பார்த்து, "மன்னிச்சிக்கிடுங்க, போங்க" என்று வழிவிட்டார். சுற்றி நாற்காலிகளில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் மடியில் இருந்த டிபன் பைகளைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

முதல் ஆட்டம் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனோடு. இவள் ரூக் எங்கே போகலாம் என்று யோசிப்பதற்குள் ராஜாவைச் சுற்றி வளைத்துவிட்டான். இரண்டாவதில் தாடி வைத்த காலேஜ் பையனிடம் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, பழக்கதோஷத்தில் நாற்காலி வரிசையைப் பார்த்தாள். அங்கே அவளுக்கென்று எந்த முகமும் இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது. நாலு எட்டு நடப்பதற்குள் அந்த லேசே தாங்கமுடியாததாகிவிட்டது. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு முந்தின ஆட்டத்தில் எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். "அப்பாடி, பெரிய ஆளு ஒருத்தராவது வந்தீயளே" என்று சிரித்தாள். பெயர் பொன்மணி. மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை.

இருவரும் வேகமாக ஆடத் தெரியாதவர்கள். போர்டின் நடுவில் சிப்பாய்கள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொண்டு நின்றன. வெட்ட ஒன்றும் இல்லை, மிரட்ட ஒன்றும் இல்லை. சுதாராணி கடிகாரத்தைப் பார்க்காமல் போர்டைப் பார்த்தாள். பொன்மணியின் சிப்பாய்கள் எல்லாம் வெள்ளைக் கட்டங்களில் நின்றன. அவளிடம் மிஞ்சியிருந்த பிஷப்பும் வெள்ளைக் கட்டத்தது. நடுவில் ஒரு கறுப்புக் கட்டம், விரட்ட ஒரு சிப்பாய்கூட இல்லாமல், காலியாகக் கிடந்தது. தன் குதிரையோ ஓரத்தில். நேராகப் போக வழியில்லை. பின்னால் இறங்கி, சுற்றி, மறுபடி ஏற வேண்டும். பொன்மணி பாதி வழியிலேயே தடுத்துவிடுவாளோ என்று சுதாராணி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தடுக்கவில்லை. குதிரை போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகும் அதிரடியாக எதுவும் நடக்கவில்லை. சும்மா நின்ற ரூக்குக்கு ஒரு வேலை கொடுத்தாள். ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். பொன்மணிக்கு நகர்த்த நல்ல காய் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் எதைத் தொட்டாலும் ஏதாவது ஒன்று விழுந்தது. இரண்டு சிப்பாய் போனதும் பொன்மணி கையை நீட்டினாள்.

"மூச்சு விடவே எடம் தரலியே அக்கா! எங்கன படிச்சிய?"

சுதாராணி விழுந்த காய்களைப் பொறுக்கிக்கொண்டே, "ஒரு பெரியவரு. வீடியோல" என்றாள்.

பந்தி இடத்தில் சாம்பார் சாதத்தை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, பொன்மணியின் போனில் காய்களை அடுக்கி அந்த ஆட்டத்தை முதலிலிருந்து பார்த்தார்கள். "இங்கன நான் பிஷப்ப மாத்திவிட்டிருந்தா?" என்று கேட்டாள் பொன்மணி. "அப்ப எனக்குக் குதிரைக்கு வேலையே இருந்திருக்காது" என்றாள் சுதாராணி. செஸ்ஸைப் பற்றித் தன் வாயால் இன்னொரு ஆளிடம் அவள் பேசியது அன்றைக்குத்தான். சோறு ஆறிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை. சாயந்திரம் டியூட்டி இருக்கிறது என்று கடைசி ஆட்டத்தை விட்டுவிட்டே பொன்மணி ஸ்டேஷனுக்கு ஓடினாள். நம்பர் கொடுத்தாள். அவளுக்கு ஷிப்டு மாறிமாறி வரும். இவள் 'ஒரு ஆட்டம்?' என்று அனுப்பினால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ 'டியூட்டி அக்கா' என்று பதில் வரும். எப்போதாவது ஆட்டமே வரும்.

போட்டி நடந்த அன்று ராத்திரி, "பிரைஸ் உண்டா?" என்று கேட்டார் விஜயராஜ். "இல்ல, ஒண்ணு ஜெயிச்சேன்" என்றாள். "நல்லது" என்று அவர் டி.வி. பக்கம் திரும்பினார். மகளுக்குப் போன் போட எடுத்தவள், கீழே வைத்துவிட்டாள்.

தீபாவளிக்குச் சத்யா வந்தாள். அதற்கு முந்தின ராத்திரி மழை பெய்து, முகப்பு வளைவிலிருந்து வீடுவரை கரிசல் குழைந்து கிடந்தது. செருப்பு அடியில் மண் சட்டி சட்டியாக அப்பிக்கொள்ள, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்து சேர்ந்தாள். கால் கழுவி உள்ளே வந்தவள் சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த போர்டைப் பார்த்தாள். லெக்சரைப் பாதியில் நிறுத்தியபோது இருந்தபடியே காய்கள் அதில் நின்றன.

"எடுத்து வச்சிரட்டுமாட்டி?" என்றாள் சுதாராணி.

"இருக்கட்டும்மா." சத்யா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போனாள். இருந்த நாலு நாளும் அங்கேயேதான் சாப்பிட்டாள். மேஜையைக் கடந்து போகும்போதெல்லாம் போர்டு இருக்கிற பக்கம் கை படாமல் ஒதுங்கிப் போனாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. வேலையில் கூட இருக்கிற பெண்ணுக்குக் கல்யாணம், பெங்களூரில் தண்ணிக் கஷ்டம் என்று மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். ஒரு மத்தியானம் அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கவும் செய்தாள்.

சத்யாவை ரயில் ஏற்றிவிட்டு வந்ததும் விஜயராஜ் கடைக்குப் போய்விட்டார். சுதாராணி மகளின் ஈரத் துண்டைக் கொடியில் காயப்போட்டாள். நடுவிலும் தூறிக்கொண்டே இருந்ததில் மண் இன்னும் இறுகவில்லை, ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் யாரும் வண்டியில் வரமாட்டார்கள். அடுப்பில் டீத்தண்ணியை வைத்துவிட்டு வந்து, மேஜை முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெரியவர் பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டாள்.