டெராஹெர்ட்ஸ் நாய்

திண்டுக்கல்லில் கல்யாணங்களுக்கு புரொஜெக்டர் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தேன். ஒரு கல்லூரிக்கு அதைக் கொண்டுபோனபோதுதான் அந்த ஆராய்ச்சி மாணவரைப் பார்த்தேன். ஒட்டடைக்குச்சி உடம்பு. பதற்றம் வந்தால் சட்டைப் பொத்தானைத் திருகுவார். இரண்டு ஏற்கெனவே காணோம்.

சிலிக்கான் தகட்டில் புரொஜெக்டர் வெளிச்சத்தைக் கோடுகோடாக அடித்தால், கண்ணுக்குத் தெரியாத டெராஹெர்ட்ஸ் அலைக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம். அலை திரும்பினால் மீட்டர் முள் ஏறும். ஏறித்தான் நின்றது.

“தகடு சூடானாலும் முள் ஏறும். வெளிச்சத்தாலதான்னு எப்படி நம்புறது?” என்று வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பையை எடுத்தார். அவர் ஒப்பினால்தான் பட்டம்.

புரொஜெக்டரை அணைத்துக் காட்டலாம்தான். ஆனால் பல்பு ஆறித் திரும்ப எரிய நேரமாகும். அவருக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாணவர் மூன்றாவது பொத்தானைத் திருக ஆரம்பித்தார்.

“என்னண்ணே, இம்புட்டு வேர்க்குது?” என்றபடி அவரைச் சிரிக்க வைக்க வெளிச்சத்தில் விரலை நீட்டி நிழல் நாய் காட்டினேன். தகட்டில் நிழல் விழுந்ததும் முள் சட்டென்று இறங்கியது. விரலை எடுத்ததும் ஏறியது.

“சூடுன்னா இப்படி உடனே இறங்காதே,” என்று தேர்வாளர் பையைக் கீழே வைத்தார்.

மாணவர் சிரிக்கவில்லை. “அப்பு, அந்த நாயை இன்னொருக்கா காட்டு. இந்தவாட்டி வாயைத் திறக்கட்டும்,” என்றார்.

கல்யாண வீடுகளில் எத்தனையோ நாய் காட்டியிருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை.