கொசு பம்ப்பில் அடித்த கல்யாணப் பத்திரிகை

போன மாதம் எனக்கு ஓவியன் ஆகும் ஆசை வந்தது. வீட்டில் கொசு மருந்து அடிக்கிற பம்ப் ஒன்று சும்மா கிடந்தால் யாருக்கும் வரக்கூடிய ஆசைதான்.

என் மச்சினி ராஜம்மாவுக்குப் பள்ளிப்பட்டில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிக்கப் போனால் அச்சாபீஸ்காரர் பழுப்பேறிய காகிதத்தை எடுத்துப் போட்டார். யுத்தம் முடிந்தும் காகிதப் பஞ்சம் முடிந்தபாடில்லையே! மாமனாருக்கு முகம் தொங்கிவிட்டது. அந்தக் காகிதத்தை நானே அழகு பண்ணித் தருகிறேன் என்று வாயை விட்டேன். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மாமனார் வீட்டில் சும்மா இருந்த மருமகனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நல்ல இங்க் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருக்கும் நண்பரிடம் ஒரு சொம்பு நீலச் சாயம் வாங்கி வந்தேன். நூலில் பிடிப்பதற்காகச் சலவைச் சோடா போட்டுக் காய்ச்சியது என்றார் அவர். கலைஞனுக்கு அதெல்லாம் எதற்கு?

சாயத்தில் தண்ணீர் விட்டுப் பம்ப்பில் ஊற்றினேன். காகிதத்தின் மேல் வேப்பிலையும் புளியங்கொழுந்தும் பரப்பி, இரண்டு முழம் தள்ளி நின்று அடித்தேன். முதல் பத்துத் தாள்களில் சாயம் சொட்டுச் சொட்டாகக் கொட்டியது. வேகமாகத் தள்ளினால்தான் பனி மாதிரி இறங்கும் என்று பிறகு புரிந்தது. காய்ந்ததும் இலையை எடுத்தால்... நீலத்துக்கு நடுவே இலை மட்டும் வெளிறி நின்றது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நானே சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

பத்திரிகை அச்சாகி வந்தது. நல்ல வேளை பார்த்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவ உட்கார்ந்தார் மாமனார். முதல் மூலையில் விரலை வைத்தார். மஞ்சள் சிவந்துபோனது. அடுத்த மூலை — அதுவும் சிவப்பு. ரத்தம் மாதிரி.

மாமனார் அபசகுனம் என்று பத்திரிகைக் கட்டைத் தள்ளி வைத்தார். மகள் கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்.

ஆண்கள் கூடினோம். ஜோசியர் செவ்வாயின் மேல் பழியைப் போட்டார். பங்காளி ஒருவர், வேப்பிலையை அலங்காரத்துக்கு வைத்ததால் அம்மனுக்குக் கோபம் என்றார். மலைமேல் இருக்கிற முருகனுக்குச் சிவப்புதானே உகந்தது, இது நல்ல சகுனம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். என்னை யார் மதித்தார்கள்? பெண்கள் அடுக்களை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறைத்தால் பிற்பாடு பெரிய பழியாகிவிடும், நாமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவாயிற்று. மறுநாள் காலை, மாமனாரும் நானும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டு பள்ளிப்பட்டு போய்ச் சேர்ந்தோம்.

மாப்பிள்ளையின் அம்மா பத்திரிகையை வாங்கினார். மூலையைத் தேய்த்தார். முகர்ந்தார்.

"சாயத்துல சோடா கீதா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

"சோடா பட்டா மஞ்ச செவக்காம இன்னா பண்ணும்? சவுக்காரம் போட்டா மஞ்சக் கறை தினம் தொவைக்கிற கல்லு மேல செவந்துகினுதான் கீது. இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

பின்னால் நின்ற மாப்பிள்ளை சிரித்தே விட்டார். எங்களுக்குக் காப்பி வந்தது. இலைப் படம் நன்றாக இருக்கிறது என்றும் அந்த அம்மாள் சொன்னார். அதை இங்கே எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராஜம்மாவிடம் சோடாவின் மகிமையை விளக்க ஆரம்பித்தேன்.

"தெரியும் பாவா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்திருந்தும் உன் நைனாவை ஏன் இப்படிக் கலங்கவிட்டாய் என்று கோபமாகவே கேட்டேன்.

"நீங்க யாராச்சும் எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நைனா பட்ட பாடு கஷ்டமாத்தாங்க இருந்திச்சி. ஆனா ஒரு செவப்பப் பாத்து என்னிய வாணாம்னு சொல்ற வூடா, இல்லியான்னு எனக்குத் தெரிய வாணாமா? தாலி கட்டினப்புறம் தெரிஞ்சி இன்னா பிரயோசனம்?"

உண்மையைச் சொன்னால், வெட்கமாக இருந்தது.

ஜோசியர் பார்த்தது பத்துப் பொருத்தம். பதினோராவதை அவளே பார்த்துக்கொண்டாள்!