தட்டைப் பிரித்து வைத்த மூன்று கிழமை

2009 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து முற்றம் கூட்டினேன். கணவருக்கு இடியப்பமும் சொதியும் வைத்தேன். என் கஞ்சியைக் குசினியில் தனிச் சட்டியில் காய்ச்சி, தனிக் கோப்பையில் குடித்து, இரண்டையும் கொதிநீரில் கழுவிக் கவிழ்த்தேன். மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளும், இதுதான் ஒழுங்கு.

யுத்தம் முடிந்த அடுத்த மாதம் இரத்ததானம் செய்திருந்தேன். ஹெப்படைட்டிஸ் சி கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள் என் இரத்தத்தில் இருப்பதாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கிருமியே இன்னும் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு பரிசோதனைக்கு இரத்தம் கொழும்புக்குப் போனது. கிருமி இருந்து, கவனிக்காமல் விட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்றார்கள். ஈரல் என்றதும் எனக்குத் தெரிந்தது கண் மஞ்சளாகும் செங்கமாரி ஒன்றுதான். அதனால் செங்கமாரிக்காரருக்குச் செய்வதையெல்லாம் எனக்கே செய்தேன்: கீழ்க்காய்நெல்லிச் சாறு, எண்ணெய் சேராத சாப்பாடு, தனித்தட்டு.

அன்று எங்கள் ஊர் தன்னாமுனையிலிருந்து கணவரும் நானும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொப்பியில் பன்னிரண்டு கேள்விகள் எழுதியிருந்தேன். டொக்டர் இளம்பெண். கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்ததும் சொன்னார்:

"கிருமி இல்லம்மா. எப்பவோ வந்து, தானாப் போயிற்று. சிலருக்கு அப்படித்தான். இரிந்திருந்தா கிழமைக்கொரு ஊசி, மாதக்கணக்கில போட்டிருப்பம்."

"சுனாமியில என்ட கால் கிழிஞ்சு ஒப்பரேசன் செய்தவங்க. அதாலயா?"

"எங்கால வந்ததெண்டு இப்ப சொல்லேலாது."

"தட்டு, கோப்பையெல்லாம் பிரிச்சு வச்சிரிக்கன்."

அவர் சிரித்துவிட்டார். "இது ரத்தத்தால தொத்துறதம்மா. சோத்தால இல்ல."

மற்றப் பத்துக் கேள்விகளையும் நான் கேட்கவில்லை.

"இனி ரத்தம் மட்டும் குடுக்காதீங்க. முதல் செஞ்ச சோதினை எப்பவும் 'இரிக்கு' எண்டுதான் காட்டும். ஆரும் பயங்காட்டினா இந்தக் கடிதத்தைக் காட்டுங்க."

வெளியே வந்ததும் கணவர் சொன்னார்: "மூணு கிழமை என்னக் குசினிப் பக்கமே அண்டவிடல்ல. எனக்குத்தான் நோய் வருத்தமாக்கும் எண்டு நினைச்சன் புள்ள."

பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டு நின்றோம். அழவும் செய்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் செங்கலடிச் சந்திக்குப் போய், கடை திறக்கும்வரை காத்திருந்து, அந்தக் கடிதத்தை லேமினேட் செய்வித்தேன்.