பச்சைக் கயிறு கட்டிய பெல்ட்

போன வாரம் எண்ணூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. வண்டி குலுங்கும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்தி, எழுதியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொள்வாள். "இஃப் த கேட் ஹேட் பீன் லாக்டு, த கவ் வுட் நாட் ஹேவ் பீன் லாஸ்ட்." கேட் பூட்டப்பட்டிருந்தால் மாடு தொலைந்திருக்காது. நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இறங்க இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது.

அந்த மாதிரி வாக்கியம் ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்டது. நான் பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவன். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றினேன், காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், லாரியில் கிளீனராக நெல்லூர் வரை திரிந்தேன். எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் கால் நிற்கவில்லை. நடுவில் மழைக்கு ஒதுங்கின மாதிரி, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். கீழே சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை மாடிவரை ஏறிவரும். இன்றைக்கும் அந்த வாசனை அடித்தால் எனக்கு இங்கிலீஷ்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அங்கே நடத்தியதில் என் மண்டையில் ஒட்டியது ஒன்றே ஒன்று. இப்படிச் செய்யப்பட்டிருந்தால் அப்படி ஆகியிருக்காது என்கிற வாக்கியம். சொன்னால் பெரிய ஆபீசர் பேசுகிற மாதிரி இருக்கும். யார் செய்யாமல் விட்டது என்று சொல்லவே வேண்டியதில்லை. கக்கூஸ் வரிசையில் நிற்கும்போதுகூட அதைச் சொல்லிப் பார்ப்பேன்.

அந்த ஒன்றை வைத்து எண்ணூரில் ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டரிடம் ஆபீஸ் வேலை வாங்கிவிட்டேன். ஆபீஸ் என்றால் ஜன்னல் வெட்டின பழைய கன்டெய்னர். மே மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் நாமே வெந்துவிடுவோம். பெரிய எண்ணெய் டேங்குகளுக்குச் சாரம் கட்டிப் பெயிண்ட் அடிக்கிற ஆட்களுக்கு கேட் பாஸ் போடுவதும் போட்டோ எடுப்பதும் இங்கிலீஷில் நாலு வரி எழுதுவதும் என் வேலை.

போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரத்தில் ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு சேஃப்டி பெல்ட் கொடுத்ததாக ரிஜிஸ்தரில் இருக்கும். எங்களிடம் இருந்தது மொத்தமே ஒரு பெல்ட்தான். புதிதாக வருகிறவன் கன்டெய்னர் ஓரமாக நிற்பான். பெல்ட்டை மாட்டி ஒரு போட்டோ எடுப்பேன். கழற்றி அடுத்தவனுக்கு மாட்டுவேன். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் ஆணியில் ஒரு கோட்டு தொங்குமே, அந்த மாதிரி. வரிசையில் நிற்கிறவர்கள் அதை மாப்பிள்ளை கோட்டு என்பார்கள். "சீக்கிரம் கழட்டு நைனா, எனக்கும் முகூர்த்தம் கீது" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

அப்படிச் சொன்னவன் தேசிங்கு. கடலுக்குப் போகிற குப்பத்துக்காரன். கழிமுகத்தில் மீன் குறைந்த பிறகு தூரிகை பிடிக்க வந்தவன். அவனுக்கு மாட்டிப் போட்டோ எடுக்கப்போகும்போது பெல்ட்டின் கொக்கி பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. தேசிங்கு மடியிலிருந்து பச்சை நைலான் வலைக்கயிறு ஒரு துண்டை எடுத்தான். நாலு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டான். "ஆளத் தாங்காது மாமு, போட்டோக்கு தாங்கும்" என்றான். அதற்குப் பிறகு நான் எடுத்த போட்டோ ஒவ்வொன்றிலும் அந்தப் பச்சை முடிச்சு இருந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சாரத்துப் பலகை புரண்டு தேசிங்கு விழுந்தான். உயிர் போகவில்லை. இடுப்பெலும்பு உடைந்தது. ஒரு கால் குட்டையாகிப்போனது. இனி கடலும் கிடையாது, சாரமும் கிடையாது.

ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். வழங்கப்பட்ட பெல்ட் அணியப்பட்டிருந்தால் விபத்து தவிர்க்கப்பட்டிருக்கும். ஆதாரத்துக்கு அவன் போட்டோவின் ஜெராக்ஸ். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன், ஒரு தப்பு இல்லாமல் வந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார்.

பெல்ட் கொடுத்தும் வேண்டுமென்றே போடாமல் ஏறினான் என்று ஆகிவிட்டால் நஷ்டஈடு வராது. தேசிங்கின் மனைவி கன்னியம்மா எங்கெங்கோ அலைந்து மனு கொடுத்து விசாரணைக்கு வழி பண்ணினாள். நாள் குறித்ததும், அவன் கோலை ஊன்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தான். முகத்தில் அத்தனை தெளிவு.

"எல்லார் போட்டோலயும் என் முடிச்சு கீது மாமு. ஜெராக்ஸ்ல கறுப்பா அப்பிக்கினு கீது, ஒண்ணும் தெர்ல. அந்த பெல்ட்ட ஆபீசர் கையில குட்த்தா போதும். அந்தக் கறுப்பு இந்த முடிச்சுதான்னு தெரிஞ்சிடும், எத்தினி பேருக்கு ஒரே பெல்ட்டுன்னு அவுரே பாத்துக்குவாரு. உங்கிட்டதான கீது?"

என்னிடம்தான் இருந்தது. தலையாட்டினேன்.

விசாரணை அன்று கன்டெய்னர் சுவரில் பத்துப் பன்னிரண்டு புது பெல்ட்டுகள் தொங்கின. பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. வந்த அதிகாரி மெதுவாகப் பேசுகிற மனிதர். தேசிங்கு சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பழைய பெல்ட் எங்கே என்று கேட்டார். நான் இங்கிலீஷில் சொன்னேன். கண்டெடுக்கப்படவில்லை சார், கண்டெடுக்கப்பட்டிருந்தால் ஒப்படைக்கப்பட்டிருக்கும். எங்கேயும் நாக்குத் தடுக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். எங்கே படித்தாய் என்று விசாரித்தார். தேரடியில் என்றேன்.

வெளியே வந்ததும் தேசிங்கு என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கோசரம் இங்கிலீஷ்லயே பேசிட்ட மாமு. ஆபீசரே சிரிச்சிட்டாரு."

கன்னியம்மா சிரிக்கவில்லை. "இன்னா சொன்ன தம்பி?" என்றாள். நல்லபடியாகச் சொன்னேன் என்றேன். மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை வஞ்சிரம் அனுப்பியிருந்தாள். வாங்கிச் சாப்பிட்டோம். ருசியாக இருந்தது.

மழைக்காலத்தில் தீர்ப்புக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் வந்தது. அதைப் படித்துக்காட்ட அவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் ஈரத்தோடு கன்டெய்னருக்கு வந்தார்கள். பிரித்தேன். இரண்டாவது பத்தியில் என்னுடைய வாக்கியம், ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தது. மனு தள்ளுபடி செய்யப்பட்டது என்று கடைசி வரி.

"பெல்ட்டு போட்டிருந்தா விழுந்திருக்க மாட்டாராம்" என்றேன்.

கன்னியம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எந்த பெல்ட்ட? யாரு குட்த்தது? இத எய்தினவன் யாரு?"

அங்கே ஆபீசில் எழுதியிருக்கிறார்கள் என்றேன். ஆபீசில் என்றுதானே சொன்னேன், பொய்யில்லை. தேசிங்கு அவளை அதட்டினான். "வுடு, அவன் இன்னா பண்ணுவான். நமக்காகப் பேசுனவன்." கோலை ஊன்றிக்கொண்டு மழையில் இறங்கினான்.

நான் அந்த வேலையிலும் நிலைக்கவில்லை. அடுத்த வருஷம் டிகிரி முடித்த பையன் வந்தான், என்னை அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அங்கே கன்டெய்னர் ஆபீஸ் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் அந்த இடத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. தேரடி மாடியில் செல்போன் சர்வீஸ், கீழே சைக்கிள் கடையும் இல்லை. குப்பத்தில் தேசிங்கின் வீடு இருந்த வரிசையில் கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். வியாசர்பாடிப் பக்கம் என்றார் ஒருவர். அவன் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு என்றார் இன்னொருவர்.

இப்படி எல்லாமே காணாமல் போய்விட்டது என்று எழுதி முடிக்கலாம்தான். ஆனால் பெல்ட் காணாமல் போகவில்லை. விசாரணைக்கு முதல் நாள் மேனேஜர், "அது நாளைக்கு இங்க இருக்கக் கூடாதுப்பா" என்று மட்டும் சொன்னார். நான்தான் சைக்கிளில் எடுத்துக்கொண்டு போய், ஒரு செங்கல்லை வைத்துக் கட்டி, பாலத்தின் மேலிருந்து ஆற்றில் போட்டேன். போடுவதற்கு முன்னால் அந்தப் பச்சைக் கயிற்றையாவது அவிழ்த்துவிடலாம் என்று பார்த்தேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அந்த முடிச்சு கடைசிவரை அவிழவில்லை.