சலங்கை கட்டிய மின் ஆட்டோவில் பிச்சாவரம்

பிச்சாவரத்துக்குப் படகு சவாரிக்காகப் போகிறவர்கள்தான் அதிகம். நான் போனது அங்கே வனத்துறை நட்டு வளர்க்கும் அலையாத்திச் செடிகளைப் பார்க்க. கடலூர் செம்மண்டலத்தில் தங்கை வீட்டில் இருந்தபோது புயல் பற்றிய பேச்சில் அவள் சொன்னாள், ஆசை பிடித்துக்கொண்டது. போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பஸ் ஏறினேன். சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். தங்கை கொடுத்த பண்ருட்டிப் பலாச்சுளை பாதி வழியிலேயே காலி.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பச்சை நம்பர் பலகை போட்ட மின் ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டுகிறவள் மேரி, பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கத்துப் பெண். பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர்; காத்திருந்து திரும்பி வர அறுநூறு ரூபாய் என்றாள். வண்டியின் முன்னால் மாட்டுச் சலங்கை ஒன்று கட்டியிருந்தது.

"சத்தமே இல்லாம வருதுன்னு ஜனங்க குறுக்க வந்துடறாங்கக்கா. அதான் கட்டிட்டேன்."

அரசாங்க மானியத்தில் வாங்கிய வண்டி. டீசல் செலவே இல்லை என்று போகும் வழியில் மூன்று தடவை சொன்னாள். எனக்கு அலுக்கவில்லை.

செடிகளைப் பார்த்தேன். வனத்துறை வெட்டிய வாய்க்கால்கள் மீன் முள் மாதிரிக் கிளை பிரிந்து போகின்றன. அவற்றில் கடல் தண்ணீர் ஏறி இறங்க, வெறும் உவர் மண்ணாகக் கிடந்த இடத்தில் இடுப்பளவுக்குப் பச்சை. அடுத்த புயலுக்கு முன்னால் நிற்கப்போகிறவை இவைதான் என்று நினைத்தபோது ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அரசாங்கத்தை வாய் ஓயாமல் திட்டுகிறவள் நான். அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது மணி இரண்டு. மேரி மீட்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். சார்ஜ் எட்டு சதவீதம்.

"எங்க மாமியா வேலக்கா இது. வூட்டுல பெரிய ப்ளக்கு ஒண்ணே ஒண்ணு. ராத்திரி மாவு அரைக்கணும்னு வண்டிய புடுங்கிட்டு கிரைண்டர சொருவுச்சு. திரும்ப மாட்ட மறந்துடுச்சு. பாதி இருக்குதே, போதும்னு வந்துட்டேன். காலைல ரெண்டு சவாரி வேற போயிட்டேன்."

நாலு மணிக்குச் சிதம்பரத்தில் ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். போன வாரம் ஒரு நாள் தாமதம். இன்றைக்கும் தாமதமானால் வேனுக்கு மாற்றிவிடுவோம் என்று பெற்றோர்கள் சொல்லியிருந்தார்கள். மாதாமாதம் நிச்சயமாக வருகிற வருமானம் அவளுக்கு அது ஒன்றுதான்.

பக்கத்தில் அரசாங்கம் கட்டிய புயல் பாதுகாப்பு மையம் இருந்தது. மாடியில் சோலார் தகடுகள். சாவி வைத்திருந்தவர் ஊர் முறையில் மேரிக்கு மாமா.

"மாமா, ஒரு மணி நேரம் கரண்ட் குடுங்க."

"இது புயலுக்குக் கட்டுனதும்மா. ஆட்டோவுக்குக் குடுத்தா நாளைக்கு என்னையதான் கேப்பாங்க."

"புயல் வந்தா நடக்க முடியாதவங்கள எதுல ஏத்தினு வருவீங்க?"

அவர் சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நீதான் வரணும். கூப்ட்ட ஒடனே."

"வரேன் மாமா."

மூன்றேகாலுக்குக் கிளம்பினோம். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசல். சலங்கைச் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

வண்டிக்கு மானியம் வந்தது, கூரைக்குத் தகடு வந்தது. நடுவில் ஒரு ப்ளக் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரி நல்லவர், கொடுத்துவிட்டார். எல்லா ஊரிலும் அப்படி நம்பியிருக்க முடியாது. அதை யோசிப்பதும் அரசாங்கத்தின் வேலைதான்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போங்கள், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். மின் ஆட்டோவிலேயே போங்கள். ஏறுவதற்கு முன், நேற்று வீட்டில் மாவு அரைத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த அன்று மேரிக்குப் போன் செய்தேன்.

"மையத்துக்கு மூணாவது நட போயினு இருக்கேன்க்கா. மாமியாள மொத நடையிலயே வுட்டுட்டேன். கிரைண்டரையும் ஏத்துன்னுச்சு, நாந்தான் மாட்டேன்னுட்டேன்." காற்றுக்கு நடுவில் சலங்கை கேட்டது. "யார் வூட்டுக் கதவையும் தட்ட வேணாம்க்கா. இந்தச் சத்தம் கேட்டா அவுங்களே மூட்டையோட வாசலுக்கு வந்துடறாங்க."