செம்புப் பட்டையில் ஒரு முகம்

பிஸ்கட் கம்பெனியின் மின்சாரப் பிரிவில் பதினாறு வருஷம் குப்பை கொட்டிய அக்காவுக்கு, நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு வெப்பக் காமிரா கையில் கிடைத்தது. எது எவ்வளவு சூடு என்று வண்ணத்தில் காட்டும் ரகம். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வாரமே மானம் கப்பலேறியது. சுவிட்ச் பெட்டிக்குள் பளபளத்த செம்புப் பட்டையில் சிவப்பாக ஒரு திட்டு தெரிந்ததும், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தி, ஓடிக்கொண்டிருந்த அடுப்பையே நிறுத்த வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த ஃபிட்டர்தான் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, நீங்க நகர்ந்தா அதுவும் நகருதே?"

திட்டு வேறொன்றுமில்லை, செம்பில் பிரதிபலித்த அக்காவின் சொந்த முகம். வெறும் முப்பத்துநாலு டிகிரி. சுற்றியிருந்ததெல்லாம் அதைவிடக் குளிர்ச்சி என்பதால் காமிரா அதற்குச் சிவப்பைக் கொடுத்துவிட்டது. விஷயம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. "இத்தனை வருஷத்துல நான்கூட உன் மூஞ்சியைப் பார்த்து இப்படிப் பயந்ததில்லையே!" என்றார் கணவர்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா காமிராவை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேம்மா."

அக்கா சும்மா விடுகிற ஆளா? கையேட்டை ஒரு வரி விடாமல் படித்தார். காமிரா சூட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பொருள் வெளியே விடும் அகச்சிவப்புக் கதிரைப் பிடித்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கதிரைத் தாராளமாக விடும் குணத்துக்கு உமிழ்திறன் என்று பெயர். கறுப்பு டேப்புக்கு அது அதிகம். பளபளக்கும் செம்போ மகா கஞ்சன். தன் சூட்டை அமுக்கிக்கொண்டு, எதிரே நிற்பவரின் சூட்டைத் திருப்பிக் காட்டும். அடுத்த விடுமுறையில் மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி வைத்தார். அன்றிலிருந்து அவர் பெயர் பிளாஸ்திரி அக்கா.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து காமிராவைப் பிடித்தார். நடு இணைப்பின் செம்பு நாற்பத்தொன்று. அதன்மேல் ஒட்டியிருந்த டேப் தொண்ணூற்றாறு.

"செம்புலதானே கரண்ட் ஓடுது? அது நாப்பத்தொண்ணுதானே காட்டுது? ஓடட்டும்," என்றார் மேனேஜர்.

"செம்பு பொய் சொல்லுது சார். டேப்பைப் பாருங்க."

"டேப் பேச்சைக் கேட்டு ஆர்டரை நிறுத்த முடியுமா? ஓட்டுங்கம்மா."

இந்தத் தடவையும் தப்பென்றால் காமிரா கையை விட்டுப் போய்விடும். அக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தும் விறுவிறுவென்று போய் மெயினை இறக்கிவிட்டார்.

கரண்ட் இல்லை என்று சோதித்து, சூடு ஆறியதும் கை வைத்தார்கள். நடு இணைப்பின் போல்ட் விரலாலேயே மூன்று சுற்று சுற்றியது. அதில் சேர்ந்திருந்த வயரின் உறை கருகி உதிர்ந்தது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "நல்லவேளைம்மா! விஷயம் தெரியாம நானே ஓட்டச் சொல்லியிருப்பேன்."

"சொன்னீங்க சார்," என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ரெண்டு தடவை."